பெட்டியை மட்டும் மாற்றினால் போதும்: எம்பெக்-2லிருந்து எம்பெக்-4க்கு

ஊரில் அப்பா வீட்டில் இருப்பது தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ். மாதச் சந்தா இல்லை என்பதால் அதை விட்டுவிட்டுக் கேபிளுக்குப் போக அவருக்கு மனசில்லை. ஆனால் பக்கத்து வீட்டு ஃப்ரீ டிஷ்ஷில் வருகிற சில சேனல்கள் நம் வீட்டில் வருவதில்லை என்று ஒரு குறை. எத்தனை தடவை ஸ்கேன் கொடுத்தாலும் அதே பழைய பட்டியல்தான்.

கடையில் கேட்டால், "எல்லாத்தையும் கழட்டிட்டு புது செட்டா போட்டுடுங்க சார்" என்கிறார்கள். டிஷ், அதன் முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலைப் பிடிக்கும் எல்என்பி, கேபிள், டிவி பக்கத்தில் வைக்கும் செட்டாப் பெட்டி எல்லாம் சேர்த்து ஒரு விலை. அதில் நமக்குத் தேவை பெட்டி மட்டும்தான். 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வரும் கேயூ பேண்ட் அலையைப் பிடித்து, அதன் அதிர்வெண்ணைக் குறைத்துக் கீழே அனுப்புவதோடு மாடியில் இருப்பவற்றின் வேலை முடிந்தது. உள்ளே வீடியோ எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பது பெட்டியின் பாடு. பழைய டிஷ் தென்கிழக்கைப் பார்த்து நேராக நிற்கிறது, சிக்னலும் நன்றாக வருகிறது என்றால் அதைத் தொடவே வேண்டாம்.

2004இல் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் இந்தச் சேவை தொடங்கியபோது வீடியோவைச் சுருக்கியது எம்பெக்-2 என்ற பழைய முறையில்தான். எம்பெக்-4 என்று இப்போது சொல்வது எச்.264 முறை; ஏறக்குறைய பாதி டேட்டாவில் அதே தரத்தில் படம் தரும். பழைய பெட்டிகள் லட்சக்கணக்கான வீடுகளில் இருப்பதால் எம்பெக்-2 சேனல்களையும் நிறுத்திவிடவில்லை. புதுப் பெட்டியில் இரண்டும் வரும், பழையதில் ஒன்றுதான்.

வாங்கும்போது அட்டையில் எம்பெக்-4 என்று இருந்தால் மட்டும் போதாது, டிவிபி-எஸ்2 என்றும் இருக்கிறதா பாருங்கள். ஒன்று படத்தைச் சுருக்கும் முறை, மற்றது சிக்னலை அனுப்பும் முறை. பழைய பெட்டியில் ஒரு சேனல் சத்தம் மட்டும் கேட்டுப் படம் வராமல் இருந்தால் சிக்கல் முதலாவதில். பட்டியலிலேயே வரவில்லை என்றால் பெரும்பாலும் இரண்டாவதில். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

மாற்றுவது சின்ன வேலை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கேபிளைக் கழற்ற வேண்டும். எல்என்பிக்குக் கரண்ட் அந்தக் கேபிள் வழியாகத்தான் போகிறது. எங்கள் கேபிள் முனையில் செம்புக் கம்பி கறுத்திருந்தது. கொஞ்சம் நறுக்கிவிட்டுப் புதிதாகச் சீவி, சுற்றியிருக்கும் வலைக்கம்பியின் ஒரு இழைகூட நடுக்கம்பியில் படாமல் எஃப் கனெக்டரை மாட்டினேன். மெனுவில் எல்என்பி 9750/10600 என்று வைத்து ஆட்டோ ஸ்கேன் கொடுத்ததும் வராத சேனல்களெல்லாம் வரிசையாக வந்து விழுந்தன.

ஆனால் நேரத்தைத் தின்றது டிவிதான். அப்பாவுடையது பழைய பிக்சர் டியூப் டிவி, எச்டிஎம்ஐ கிடையாது. பெட்டியின் பின்னால் மூன்று ஓட்டைகளுக்குப் பதில் ஹெட்போன் ஜாக் மாதிரி ஒரே ஓட்டை. வீட்டில் கிடந்த ஒயரைச் செருகினால் படம் இல்லை, ஸ்பீக்கரில் 'கொர்ர்' என்று ஒரு இரைச்சல். இந்த ஜாக்கில் எந்த வளையத்தில் வீடியோ வரும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிவப்புப் பின்னை டிவியின் மஞ்சள் ஓட்டையில் மாற்றிச் செருகியதும் படம் வந்துவிட்டது, ஆனால் கறுப்பு வெள்ளையில்! அப்புறம் செட்டிங்கில் கலர் முறை என்டிஎஸ்சி என்றிருந்ததை நம் ஊர் டிவிகளுக்கான பால் (PAL) என்று மாற்றினேன், கலர் வந்தது. முகங்கள் ஒட்டிப்போய்த் தெரிந்ததற்குத் திரை அளவை 4:3 லெட்டர்பாக்ஸில் வைத்தேன். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறதே என்று அப்பா முனகினார். சரி, அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பழைய பெட்டியைத் தூக்கிப் போடவில்லை. எம்பெக்-2 சேனல்களும் வானொலியும் அதில் இன்னும் வரும். ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சேனல்களுக்கான இடங்கள் ஏலத்தில் போவதால் பட்டியல் அவ்வப்போது மாறும். ஏப்ரல் தொடக்கத்தில் ஏதாவது சேனல் காணாமல் போனால், மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ஒருமுறை ஸ்கேன் கொடுத்துப் பாருங்கள்.