ஸ்டாஃபோர்டும் காஃபும் எங்க ஆபீஸ் ரேட்டிங்கும்

நான் மிச்சிகன்ல ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனில ப்ரோக்ராம் மேனேஜ்மென்ட் பக்கம் வேலை பாக்குறேன். இங்க செப்டம்பர் பொறந்துட்டா திங்கக்கிழமை காலைல முதல் பேச்சே முந்தின நாள் டெட்ராய்ட் லயன்ஸ்ங்கிற எங்க ஊர் அமெரிக்கன் ஃபுட்பால் டீம் ஆடின மேட்ச் தான். அந்தப் பேச்சுல ரொம்ப வருஷமா ஓடின ஒரு சண்டை, அந்த டீம்ல ஆடின மேத்யூ ஸ்டாஃபோர்ட் நல்ல க்வார்ட்டர்பேக்கா (பந்த எறிஞ்சு ஆட்டத்த நடத்துற ஆள்) இல்லையா. எங்க சீனியர் இன்ஜினியர் ஒருத்தர், சின்ன வயசுலேர்ந்து லயன்ஸ் ஃபேன், ஒரே வார்த்தைல முடிச்சிடுவாரு: "பந்து நல்லா எறிவான், ஜெயிக்கத் தெரியாது."

கணக்க பாத்தா அவர் சொல்றது சரி மாதிரிதான் இருக்கும். 2009 ட்ராஃப்ட்ல, அதாவது காலேஜ் பசங்கள டீமுங்க வரிசையா தேர்ந்தெடுக்குறதுல, முதல் ஆளா எடுத்தாங்க, டெட்ராய்ட்ல 12 சீசன், 74 வெற்றி, 90 தோல்வி, ஒரு டை. சீசன் முடிஞ்சு நடக்குற நாக்அவுட் சுற்றான ப்ளேஆஃப்புக்கு மூணு தடவை போயி மூணுலயும் தோல்வி. ஆனா அவர் வந்து சேர்ந்த டீம் எதுன்னு பாக்கணும்ல, அதுக்கு முந்தின வருஷம் 2008ல ஆடின 16 மேட்ச்சும் தோத்த டீம் அது. 2013 நவம்பர்லேர்ந்து 2018 செப்டம்பர் வரைக்கும் ஒரு மேட்ச்ல கூட லயன்ஸ்ல எந்த ரன்னிங் பேக்கும் (பந்த கைல வாங்கிட்டு ஓடுற ஆள்) 100 யார்டு ஓடல, அஞ்சு வருஷம் கிட்ட! ஓட ஆள் இல்லன்னா எதிர் டீமுக்கு இவன் எறியத்தான் போறான்னு முன்னாடியே தெரிஞ்சிடும், எல்லாரும் இவர் மேலயே வந்து விழுவாங்க. அப்படியும் 2016ல ஜெயிச்சதே ஒம்போது மேட்ச், அதுல எட்டு கடைசி க்வார்ட்டரான நாலாவதுல பின்தங்கியிருந்து எழுந்து வந்து ஜெயிச்சது. இவருக்கா ஜெயிக்கத் தெரியாது?

2021ல அவர லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குக் குடுத்துட்டு அங்க க்வார்ட்டர்பேக்கா இருந்த ஜாரட் காஃபையும் கொஞ்சம் ட்ராஃப்ட் பிக்ஸையும் (ட்ராஃப்ட்ல ஆள் எடுக்குற உரிமை) வாங்கினாங்க. அடுத்த பிப்ரவரியே ஸ்டாஃபோர்ட் லீக் ஃபைனலான சூப்பர் பவுல் ஜெயிச்சிட்டாரு, சின்சினாட்டிய 23-20ல. அதே கை அதே ஆள் தான், ஆனா அங்க டிஃபென்ஸ்ல ஆரன் டொனால்ட் இருந்தாரு, பந்து பிடிக்க கூப்பர் கப் இருந்தாரு, கோச் ஷான் மெக்வே.

காஃப் கதை இதுக்கு நேர் எதிர். ராம்ஸ கூட்டிட்டு சூப்பர் பவுல் வரைக்கும் போனவரு, டெட்ராய்ட் வந்த முதல் வருஷம் டீம் 3 வெற்றி 13 தோல்வி ஒரு டை. அதுல ஒரு தோல்வி எனக்கு மறக்கவே மறக்காது. பால்டிமோர் கூட மேட்ச், கடைசி நிமிஷத்துல 17-16ன்னு லீட் வாங்கிக் குடுத்துட்டு காஃப் ஓரமா நிக்கிறாரு. ஆட்டம் முடியுற நேரத்துல பால்டிமோர் கிக்கர் ஜஸ்டின் டக்கர் 66 யார்டுலேர்ந்து உதைக்கிறாரு, பந்து கம்பில பட்டு மேல எகிறி அந்தப்பக்கம் விழுது, மூணு பாயின்ட், 19-17. அப்போதைக்கு தூரத்துல லீக் ரெக்கார்டே அதுதான். காஃப் அந்த நேரம் ஃபீல்டுலயே இல்ல, ஆனா தோல்வி அவர் பேர்ல ஏறிடுச்சு. அப்புறம் பெனே சூவல், ஆமன்ரா செயின்ட் ப்ரவுன்னு அந்த ட்ராஃப்ட்ல வந்த பசங்க வளந்து க்வார்ட்டர்பேக்க காக்குற லைனும் பந்து பிடிக்கிற ரிசீவரும் செட் ஆனதும் 2023ல 12 வெற்றி 5 தோல்வி. 2024 ஜனவரில இதே ஸ்டாஃபோர்ட் எதிர்ல வந்து ஆடின ப்ளேஆஃப்ல 24-23, லயன்ஸுக்கு 32 வருஷத்துல முதல் ப்ளேஆஃப் வெற்றி. அன்னைக்கு ஸ்டாஃபோர்ட் 367 யார்டு எறிஞ்சாரு, காஃப் 277. ரெக்கார்டுல இவருக்கு வெற்றி அவருக்கு தோல்வி, அவ்ளோதான்.

இத இவ்ளோ நீட்டி எழுதக் காரணம் எங்க ரேட்டிங் மீட்டிங். சிப் தட்டுப்பாடு வந்துச்சே 2021ல, அந்த வருஷமும் எங்க லீடுங்களுக்கு (ஒவ்வொரு ப்ரோக்ராமையும் நடத்துறவங்க) ஒரே அளவுகோல் தான், லாஞ்ச் தேதிக்குள்ள முடிஞ்சுதா இல்லையா. ஒரு பொண்ணு கண்ட்ரோல் மாட்யூல் ப்ரோக்ராம் நடத்துனா, கேட்ட சிப் கிடைக்கல, வேற சிப்புக்கு போர்டையே மாத்தி வரைய வச்சு டெஸ்டிங்க மறுபடி ஓட்டி கஸ்டமர் லைன் நிக்காம காப்பாத்துனா, ஆனா தேதி தள்ளிப்போச்சு. இன்னொருத்தர் கிட்ட இருந்தது பிளாஸ்டிக் ப்ராக்கெட், அதுல சிப்பே கிடையாது, சொன்ன தேதிக்கு முடிஞ்சிடுச்சு. ஷீட்ல அவருக்கு பச்சை, இவளுக்கு சிவப்பு. எனக்கு உண்மையாவே கோவம் வந்துச்சு, ஏன்னா அந்த வருஷம் அந்த பில்டிங்ல நடந்த நல்ல வேலைன்னா அவளோடதுதான்.

ஜெயிக்கிறதுக்கு மதிப்பே இல்லன்னு சொல்ல வரல. டாம் ப்ரேடிங்கிற க்வார்ட்டர்பேக் ஏழு சூப்பர் பவுல் ஜெயிச்சது தற்செயலா நடக்காது. ஆனா 2008ல அவர் சீசனோட முதல் மேட்ச்லயே முட்டில அடிபட்டு உக்காந்தப்போ மேட் கேசல்ங்கிற பேக்கப்ப வச்சே அவரோட அப்போதைய டீம் 11-5 போச்சு, அதே ப்ரேடி 2020ல டாம்பா டீமுக்குப் போனதும் அங்கயும் கப் வந்துச்சு. அப்போ டீமும் நல்ல டீம், ஆளும் பெரிய ஆள், வெறும் வெற்றி எண்ணிக்கைய வச்சு எவ்ளோ யாருதுன்னு பிரிக்கவே முடியாது. இப்பல்லாம் ஒவ்வொரு ப்ளேக்கும் (பந்த எடுத்து ஆடுற ஒரு முயற்சி) முன்னாடி எத்தன பாயின்ட் எதிர்பார்க்கலாம், ப்ளே முடிஞ்சப்புறம் அது எவ்ளோ ஏறுச்சு இறங்குச்சுன்னு கணக்கு போடுறாங்க. அதுலயும் ரிசீவர் கை, லைன்காரங்க உழைப்பெல்லாம் கலந்துதான் இருக்கு, இருந்தாலும் ஃபீல்டுலயே இல்லாத நேரத்துல கிக்கர் உதைச்சதுக்கு க்வார்ட்டர்பேக்க பொறுப்பாக்குறதில்ல, எனக்கு அதுவே போதும்.

மீட்டிங்ல நான் கேட்டதும் அதுதான்: தேதிய விடுங்க, அவ கைல இருந்த முடிவுகள் என்னென்ன, அதுல எத சரியா எடுத்தா, எத விட்டா. அரை மணி நேரம் பேசினதுல சிவப்பு மஞ்சளாச்சு, பச்சையாக்க முடியல. தேதி தாண்டினா பச்சை கிடையாதுன்னு ரூல். அந்த ரூல மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கேன், தேதிக்குப் பக்கத்துல லீட் எடுத்த முடிவுகளுக்குன்னு ஷீட்ல தனியா ஒரு கட்டம் வேணும்னு. சீனியர் இன்ஜினியரும் அதுல கையெழுத்து போட்டிருக்காரு. ஸ்டாஃபோர்ட் விஷயத்துல மட்டும் மனுஷன் இன்னும் ஒத்துக்க மாட்டேங்குறாரு.