ப்ரெஷர் எங்கிருந்து எடுத்தீங்க?

மெடிக்கல் பிசிசிஸ்ட்னு சொன்னா பாதி பேரு "எக்ஸ்ரே எடுக்குறவரா"ம்பாங்க, மீதி பேரு "அப்போ டாக்டரா"ம்பாங்க, ரெண்டும் இல்லைன்னு விளக்கி முடிக்கிறதுக்குள்ள காபி ஆறிடும். கேன்சருக்கு கரண்ட் வைக்கிறதுன்னு நம்ம ஊர்ல சொல்வாங்கல்ல, அந்த கரண்ட் சொன்ன அளவுல சொன்ன ஆழத்துல போய் விழுதான்னு அளந்து பாக்குறதுதான் என் வேலை. மெஷின் பேரு லினாக். அதுல இருந்து வர்ற எக்ஸ்ரே நெஞ்சுக்கு படம் எடுக்குற எக்ஸ்ரேவை விட பல மடங்கு வீரியமானது, கண்ணுக்கு தெரியாது, சூடு தெரியாது, பேஷண்டுக்கு படும்போது ஒண்ணுமே தெரியாது. அதனால தப்பா போனாலும் அந்த நிமிஷத்துல யாருக்கும் தெரியாது.

பகல்ல பேஷண்ட் இருப்பாங்க, எங்களுக்கு மெஷின் கிடைக்கிறதே ராத்திரியிலயும் ஞாயித்துக்கெழமையிலயும்தான். உடம்புல பாதிக்கு மேல தண்ணிங்கறதால தண்ணியிலதான் அளக்கணும். புது மெஷின் வந்தா பெரிய தொட்டி, ஆர்.எஃப்.ஏ-ன்னு சொல்லுவோம், அதுல தண்ணி ரொப்பி அதுக்குள்ள மோட்டார்ல ஓடுற, கதிரை அளக்குற ஒரு குட்டி சேம்பரை மேலயும் கீழயும் குறுக்கயும் ஓட்டி பீம், அதாவது மெஷின்ல இருந்து வர்ற கதிர்க்கற்றை, எப்படி இருக்குன்னு வரைபடம் எடுக்கணும். 6 எம்.வி. (எம்.வி.ங்கறது பீமோட வீரியம்) பீம்னா தோல்கிட்ட டோஸ், அதாவது உடம்புல படுற கதிர் அளவு, கம்மியா ஆரம்பிச்சு ஒன்றரை சென்டிமீட்டர்ல உச்சிக்கு போயி அப்புறம் இறங்கும், 10 சென்டிமீட்டர் ஆழத்துல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்குதான் மிச்சம். 15 எம்.வி.னா உச்சியே மூணு சென்டிமீட்டர் பக்கத்துலதான் வரும். குறுக்க ஓட்டுனா நடுவுல மேஜை மாதிரி சமமா இருந்து ஓரத்துல சரிவா விழணும், அந்த மேஜை ஒரு பக்கம் சாஞ்சிருந்தா இஞ்சினியரை கூப்பிடணும்.

இதுல எனக்கு ரொம்ப புடிச்ச வேலை சேம்பரை தண்ணி மட்டத்துக்கு வைக்கிறது. தொட்டிக்கு பக்கத்துல மண்டி போட்டு கண்ணாடி வழியா தண்ணி மட்டத்துக்கு கீழ இருந்து பாத்தா பாதி முங்கின சேம்பரும் அதோட பிம்பமும் சேந்து ஒரு முழு வட்டம் ஆகும், வட்டம் ஆயிடுச்சுன்னா சேம்பரோட நடு சரியா மட்டத்துல இருக்குன்னு அர்த்தம். பல கோடி ரூபா மெஷினுக்கு கீழ முழங்கால்ல ஈரத்தோட ஒத்தக் கண்ணை மூடிட்டு உக்காந்திருக்கறதை வீட்ல யாராவது பாத்திருந்தா பொண்ணு குடுத்திருக்க மாட்டாங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நான் படிச்சதும் ட்ரெய்னிங் எடுத்ததும் சென்னையில. அங்க ஒரு பழக்கம் ஒட்டிக்கிச்சு. நாங்க பயன்படுத்துற சேம்பர் காத்தோட்டமுள்ளது, உள்ள இருக்குறதும் அறையில இருக்குற அதே காத்துதான், அந்த காத்துல எக்ஸ்ரே படும்போது வர்ற துளி மின்சாரத்தைத்தான் அளக்குறோம், அதனால காத்து எவ்வளவு அடர்த்தியா இருக்குன்னு தெரிஞ்சாத்தான் கணக்கு. வெப்பநிலையும் காத்தோட ப்ரெஷரும் எடுத்து ஒரு திருத்தம் போடணும். ஒரு டிகிரிக்கு 0.3 பர்சென்டுக்கு கொஞ்சம் மேல மாறும். ராத்திரி பத்து மணிக்கு எடுத்த ப்ரெஷர் விடியகாலை நாலு மணிக்கு செல்லாது, அதுக்குள்ள ரெண்டு மூணு மில்லிபார் இறங்கியிருக்கும். ட்ரெய்னிங்ல பாரோமீட்டர் எடுத்துட்டு வர சோம்பேறித்தனப்பட்டு போன்ல வானிலை ஆப் பாத்து போடுவோம், பாரோமீட்டர்ல 1008னா ஆப்லயும் 1008. ஒருநாளும் தப்பா வந்ததில்லை.

அப்புறம் கோயம்புத்தூர்ல வேலை கிடைச்சுது. சேந்து ரெண்டாவது மாசம், மாசாந்திர அவுட்புட், அதாவது மெஷின் சொன்ன அளவு டோஸ் குடுக்குதான்னு பாக்குறது, நான் தனியா எடுக்குறேன். பாரோமீட்டர் சீனியர் சார் ரூம்ல, ரூம் பூட்டியிருக்கு, சாவி அவர்கிட்ட. போன்ல ஆப் இருக்கே. சின்ன தொட்டி, 10 சென்டிமீட்டர் ஆழம், 10க்கு 10 சென்டிமீட்டர் ஃபீல்டு, 100 எம்.யூ. (மெஷின் டோஸை எண்ணுற அலகு) குடுத்து ரீடிங் எடுத்து கணக்கு போட்டா வர வேண்டிய டோஸ்ல 95.5 பர்சென்ட்தான் வருது. நாலரை பர்சென்ட் கம்மி! மாசாந்திர செக்குக்கு எங்களோட வரம்பு 2 பர்சென்ட். திரும்ப எடுத்தேன், அதே. சேம்பரை வெளிய எடுத்து மறுபடி வச்சு எடுத்தேன், அதே. மூணு தடவையும் ஒண்ணு போல வந்ததும் எனக்கு தைரியம் வந்துடுச்சு, இப்ப யோசிச்சா அந்த தைரியத்தை நெனச்சுத்தான் பயமா இருக்கு. வேற வேலைக்கு வந்திருந்த சர்வீஸ் இஞ்சினியர் வேற பக்கத்துலயே இருந்தாரு, "சொன்னீங்கன்னா அஞ்சு நிமிஷத்துல மெஷின் டோஸை ஏத்தி விட்டுடலாம்"னாரு.

நல்லவேளை ஏத்தறதுக்கு சாரோட கையெழுத்து வேணும். ராத்திரி பதினொன்றரைக்கு போன் போட்டேன். முழுசா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு.

"தம்பி, ப்ரெஷர் எங்கிருந்துங்க எடுத்தீங்க?"

"ஆப்ல பாத்தேன் சார், 1010."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "எதையும் தொட வேண்டாம், காலைல சாவி கொண்டாறேன், இப்ப போய் படுங்க"ன்னாரு.

காலையில பாரோமீட்டரை மேஜைல வச்சாரு. 965. கோயம்புத்தூர் கடல் மட்டத்துல இருந்து நானூறு மீட்டருக்கு மேல இருக்கு. ஆப்ல வர்றது கடல் மட்டத்துக்கு மாத்தின ப்ரெஷர், வானிலைக்காரங்களுக்கு அதுதான் வேணும், ஊருக்கு ஊர் ஒப்பிட்டு பாக்கணும்ல. சென்னை கடலோரத்துலயே இருக்குறதால ரெண்டும் ஒண்ணா இருந்துச்சு, நான் அதை என் திறமைன்னு நெனச்சுட்டேன். ப்ரெஷர் கம்மின்னா காத்து மெலிசு, ரீடிங்கும் கம்மியாத்தான் வரும்; 965 போட்டு அதே ரீடிங்கை கணக்கு பண்ணா டோஸ் 100 பர்சென்ட். மெஷின் சரியாத்தான் இருந்துச்சு. அன்னைக்கு ஏத்தியிருந்தா அடுத்த நாள்ல இருந்து வர்ற ஒவ்வொரு பேஷண்டுக்கும் அஞ்சு பர்சென்டுக்கு பக்கமா அதிகம் போயிருக்கும். மொத்தமே அஞ்சு பர்சென்டுக்குள்ள துல்லியமா டோஸ் போகணும்னு 1976லயே சர்வதேச அமைப்பு சொல்லியிருக்கு, அந்த முழு அளவையும் நான் ஒருத்தனே ஒரு ஆப்ல தின்னுருப்பேன்.

சார் திட்டவே இல்லை. ஒரு விஷயம்தான் கேட்டாரு, காலைல டெய்லி செக்ல சரியா இருந்த மெஷின் ராத்திரிக்குள்ள ஏன் நாலரை பர்சென்ட் இறங்கணும்னு தோணவே இல்லையான்னு. தோணல. அதுதான் உண்மை. ரீடிங் மூணு தடவை ஒண்ணா வந்ததும் யோசிக்கிறதை நிறுத்திட்டேன், தப்பான ப்ரெஷரை மூணு தடவை போட்டா மூணு தடவையும் ஒரே தப்புதான் வரும்ங்கறது பள்ளிக்கூட பையனுக்கும் தெரியும்.

அப்புறம் அவர் பிரான்ஸ்ல துலூஸ்ல நடந்ததை சொன்னாரு. 2006 ஏப்ரல்ல இருந்து ஒரு வருஷம், மூளையில சின்ன கட்டிகளுக்கு குடுக்குற ரொம்ப சின்ன பீம். அதை அளக்க வச்ச சேம்பர் அந்த பீமுக்கு பெருசு. பெரிய சேம்பர்ல ஒரு பகுதி மேலதான் பீம் விழும், சேம்பர் மொத்தத்துக்கும் சராசரி போட்டு கம்மியா காட்டும், பீம் வலுவில்லைன்னு நெனச்சு கம்ப்யூட்டர் அதிகமா குடுக்க சொல்லும். 145 பேருக்கு டோஸ் அதிகமா போயிடுச்சு. மெஷின்ல ஒரு கோளாறும் இல்லை. என் தப்பும் அதே திசைதான், கம்மியா காட்டுது, அதனால ஏத்து. அன்னைல இருந்து ரீடிங் கம்மியா வந்தாத்தான் எனக்கு அதிகமா சந்தேகம் வரும், அதிகமா வந்தா கூட அவ்வளவு இல்லை, இது சரியான்னு கேட்டா சரியில்லைதான்.

அதுக்கப்புறம் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்துல இருந்து எங்க மெஷினை சரிபாக்க தபால்ல டி.எல்.டி., அதாவது மேல பட்ட டோஸை பதிவு பண்ணி வச்சுக்கற குட்டிப் பொருள், வந்தப்போ, அதுல சொன்ன டோஸ் குடுத்து திருப்பி அனுப்பிட்டு முடிவு வர்ற வரைக்கும் பத்தாம் வகுப்பு ரிசல்ட் மாதிரி இருந்துச்சு. முடிவு நல்லாவே வந்துச்சு, சார் பாத்துட்டு "ம்"னாரு. அவர்கிட்ட ம் வாங்குறது பெரிய விஷயம்.

சொந்த காசுல ஒரு கையடக்க டிஜிட்டல் பாரோமீட்டர் வாங்கினேன், பையிலயே கெடக்கும். போன வருஷம் குடும்பத்தோட ஊட்டி போனோம், மேட்டுப்பாளையத்துல ஆரம்பிச்சு ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் எடுத்து பாத்துட்டே வந்தேன், குன்னூர் தாண்டும்போது பொண்ணு வாந்தி எடுத்துட்டா, அப்பவும் கையில அதுதான். ஊட்டி போய் சேந்தப்போ 780க்கு பக்கத்துல நின்னுச்சு. போனை எடுத்து ஆப் பாத்தேன், 1014னு போட்டிருந்துச்சு. வீட்டம்மாகிட்ட ரெண்டையும் நீட்டி காட்டினேன். "ஸ்வெட்டரை எடுங்க மொதல்ல"ன்னாங்க.