அஞ்சாம் மாச ஸ்கேனைத் தள்ளிப் போடாதீர்கள்

நம் பக்கம் தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்புப் போட்டு, சீர் செய்து, பெண்ணை அழைத்துப் போவார்கள். நல்ல வழக்கம்தான், குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இதற்கு நடுவில் ஒரு முக்கியமான காரியம் கைநழுவிப் போவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். புகுந்த வீட்டில் "அம்மா வீட்டுக்குப் போனதும் பெரிய ஸ்கேன் எடுத்துக்கலாம்" என்கிறார்கள். அம்மா வீட்டிலோ "அங்கேயே எடுத்திருப்பாங்க" என்று இருந்துவிடுகிறார்கள். இரண்டு வீட்டுக்கும் இடையில் அஞ்சாம் மாதம் ஓடிப்போய்விடுகிறது.

நான் சொல்வது அனாமலி ஸ்கேனை. சில இடங்களில் டார்கெட் ஸ்கேன் என்று எழுதிக் கொடுப்பார்கள். 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்க வேண்டியது. அந்த நேரத்தில் குழந்தை தலை முதல் கால் வரை ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளம்தான் இருக்கும், ஆனால் மூளை, முதுகெலும்பு, இருதயம், வயிறு, சிறுநீரகம், கை கால் எல்லாம் பிரித்துப் பார்க்கிற அளவுக்கு வளர்ந்திருக்கும். அதற்கு முன்னால் போனால் உறுப்புகள் ரொம்பச் சின்னது. ரொம்பத் தள்ளிப் போனால் எலும்பு கெட்டியாகி நிழல் விழும், குழந்தைக்குத் திரும்ப இடமும் குறையும், எல்லாவற்றுக்கும் மேலாக, ஏதாவது தெரிந்தால் யோசிக்கவும் ஏற்பாடு செய்யவும் நமக்கு நேரம் இருக்காது.

வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஸ்கேன் கெடுதல் என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விசைப்படகில் எக்கோ கருவி வைத்திருக்கிறார்களே, கீழே ஒலியை அனுப்பி அது தரையிலும் மீன் கூட்டத்திலும் பட்டுத் திரும்புவதை வைத்து ஆழம் காட்டுகிறதே, அதே வேலைதான் இதுவும். நம் காதுக்குக் கேட்காத ஒலி போய்த் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். எக்ஸ்ரே போலக் கதிர்வீச்சு கிடையாது. கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர், கொதிகலன் செய்யும் தொழிற்சாலையில் இரும்பில் விரிசல் பார்க்க வைத்திருந்த கருவியில்தான் முதலில் சோதித்துப் பார்த்தார். 1958ல் அவரும் கூட இருந்தவர்களும் லான்செட் இதழில் எழுதிய கட்டுரையில் இருந்துதான் பிரசவ ஸ்கேன் கிளம்பியது.

சரி, என் சித்தி மகள் கதைக்கு வருகிறேன். அவளுக்குப் பாம்பன் பக்கம், வீட்டுக்காரர் படகில் போகிறவர். ஏப்ரல் 15ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரை 61 நாள் வருமானம் இல்லை, அந்த நேரம் பார்த்து ஸ்கேன் தேதி வந்தது. "ஜூனுக்கு அப்புறம் பார்க்கலாம்" என்று வீட்டில் பேச்சு. கிராம சுகாதார செவிலியர்தான் விடவில்லை. அட்டையில் தேதியை வட்டம் போட்டுக் காட்டி, பெரிய ஆஸ்பத்திரியில் காசு வாங்க மாட்டார்கள், பஸ் செலவு மட்டும்தான் என்று நேரே மாமியாரிடமே பேசினார். நானும் கூடப் போனேன்.

திரையில் முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டரம்மா கருவியை அழுத்தி நகர்த்தி, தலையைக் குறுக்காக அளந்தார், முதுகெலும்பை மணி கோத்த மாதிரி மேலிருந்து கீழாகத் தொடர்ந்து பார்த்தார், இருதயத்தில் நான்கு அறைகளையும் காட்டினார். முகத்துக்கு வந்தபோது குழந்தை குப்புறத் திரும்பிக்கொண்டது. "வெளியே கொஞ்சம் நடந்துட்டு, ஏதாவது சாப்பிட்டுட்டு வாம்மா" என்று அனுப்பினார். திரும்பி வந்து படுத்ததும் மேலுதட்டில் ஒரு பிளவு தெரிந்தது. டாக்டரம்மா அதே இடத்தில் கருவியை மறுபடி மறுபடி வைத்துப் பார்த்தபோதே எங்களுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் பழி கிரகணத்தின் மேல் விழுந்தது. நாலாம் மாதத்தில் ஒரு கிரகணம் வந்திருந்தது, அன்றைக்கு இவள் அரிவாள்மனையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்தாளாம். அவள் அழுத அழுகையை நான் மறக்க மாட்டேன். அடுத்த முறை போனபோது இதையே டாக்டரம்மாவிடம் கேட்டோம். மேலுதடு ஒட்டிக்கொள்வது ஏழாவது வாரத்துக்குள், அண்ணம் மூடுவது ஒன்பதாவது வாரம் வாக்கில் என்றார். நாலாம் மாதத்துக் கிரகணம் எப்போதோ முடிந்துபோன காரியத்தை வந்து எப்படிக் கெடுக்கும்? அவளுடைய அத்தை இதைக் கேட்டுவிட்டு அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருந்து ஒரு பெண்ணுக்கு இவ்வளவு நிம்மதி கிடைக்கும் என்று நான் நினைத்ததில்லை.

முன்கூட்டியே தெரிந்ததால் என்ன ஆச்சு? நிறைய ஆச்சு. உதட்டோடு அண்ணமும் பிளந்திருந்தால் குழந்தையால் மார்பில் இழுத்துக் குடிக்க முடியாது, தாய்ப்பாலைப் பீய்ச்சி பாலாடையில், நாம் சங்கு என்று சொல்கிறோமே அதில், தலையை உயர்த்திப் பிடித்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்ட வேண்டும். அதைப் பிரசவத்துக்கு முன்னாலேயே கற்றுக்கொண்டாள். பிறந்தவுடன் குழந்தை முகத்தைப் பார்த்து அலறுவதற்கு அங்கே யாரும் இல்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உதட்டு அறுவை சிகிச்சையை மூன்று மாதத்தில் இருந்து ஆறு மாதத்துக்குள் செய்துவிடுகிறார்கள், அண்ணத்துக்கு ஒரு வயது வாக்கில். அதற்குள் எடை ஏற வேண்டும், ரத்தம் கூட வேண்டும் என்பதால் அந்தச் சங்குப் பால்தான் முதல் வைத்தியம்.

உதடு பரவாயில்லை, அவசரம் இல்லாத குறை. இருதயம் அப்படி இல்லை. பெரிய ரத்தக் குழாய்கள் இரண்டும் இடம் மாறிப் பிறக்கிற குழந்தை வெளியே வரும்போது பார்க்க நன்றாகவே இருக்கலாம். கருவில் திறந்திருந்த ஒரு சின்னக் குழாய் பிறந்த சில நாட்களில் மூடும்போதுதான் உடம்பு நீலம் பாயும். அந்தக் குழாயை மூடவிடாமல் வைக்க ஊசி மருந்து இருக்கிறது, ஆனால் அது ஏறுவதற்கு நீங்கள் சரியான ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டுமே. ராமேஸ்வரத்தில் இருந்து ராமநாதபுரம் வரவே 55 கிலோமீட்டர், அங்கிருந்து மதுரை இன்னும் நூறுக்கு மேல். நள்ளிரவில் பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு அந்தத் தூரம் போவதும், எட்டாம் மாதமே மதுரையிலோ சென்னையிலோ பிரசவத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டு போவதும் ஒன்றா? குறை தெரிந்தால் கலைக்கச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்துதான் பலர் ஸ்கேனுக்கே போவதில்லை. பெரும்பாலும் அதில் இருந்து கிடைப்பது பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது என்ற முடிவுதான்.

பிழைக்க வழியில்லாத குறைகளும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. மண்டையோடும் மூளையும் வளராமல் போவதைப் பன்னிரண்டு வார ஸ்கேனிலேயே பார்த்துவிடலாம். அப்படி வந்தால் என்ன செய்வது என்பது அந்தப் பெண்ணும் குடும்பமும் டாக்டரும் பேசி எடுக்கிற முடிவு. 1971 கருக்கலைப்புச் சட்டத்தில் 20 வாரம்தான் வரம்பாக இருந்தது, 2021ல் திருத்தினார்கள். குழந்தைக்குக் கடுமையான குறை என்று மருத்துவ வாரியம் சொன்னால் 24 வாரத்துக்குப் பிறகும் சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் நாள் கூடக் கூட உடம்புக்கும் மனசுக்கும் பாரம்தான்.

மூளை, தண்டுவடக் குறைகளைப் பற்றிப் பேசும்போது ஃபோலிக் ஆசிட் மாத்திரையைச் சொல்லாமல் விட முடியாது. மூளையும் தண்டுவடமும் ஒரு குழலில் இருந்துதான் உருவாகின்றன, கரு உண்டாகி 28 நாளுக்குள் அந்தக் குழல் மூடிவிடும், அப்போது பல பெண்களுக்கு முழுகாமல் இருப்பதே தெரியாது. அதனால் குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஆரம்பிக்க வேண்டும். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், முதல் குழந்தைக்குக் குறை இருந்தவர்கள் டாக்டரிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள், மாத்திரை அளவே மாறும். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டியவர்களும் அதைக் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், நம் ஊரில் அது குறைவில்லை, சில குறைகளுக்கு வாய்ப்பு அதில் கூடும்.

ஸ்கேனில் எல்லாமே தெரிந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். காது கேட்குமா, புத்தி வளர்ச்சி எப்படி என்பதெல்லாம் அதில் வராது. இருதயத்தில் சின்ன ஓட்டை, அண்ணத்தில் மட்டும் பிளவு, இவை தப்பிவிடலாம். டவுன் சிண்ட்ரோமுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கிற என்.டி. ஸ்கேனும் (குழந்தையின் பின்கழுத்தில் இருக்கிற நீரை அளப்பது) ரத்தப் பரிசோதனையும் சேர்ந்துதான் சந்தேகத்தைக் காட்டும், உறுதி செய்ய வேறு பரிசோதனை வேண்டும். மறுபக்கம், சிறுநீரகம் லேசாக வீங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தால் உடனே உடைந்துபோகாதீர்கள், நிறைய குழந்தைகளுக்கு அது தானாகவே சரியாகிவிடுகிறது, மறு ஸ்கேனுக்கு மட்டும் தவறாமல் போங்கள்.

வாரக் கணக்கு சரியாக இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். கடைசியாக மாதவிலக்காகிக் குளித்த தேதியைக் கேட்டால் "சிவராத்திரிக்கு முன்னாடி" என்றுதான் நம் பெண்கள் சொல்வார்கள், அதனால் முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுத்துத் தேதியை உறுதி செய்துகொள்வது அவசியம். ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள், 1994 சட்டப்படி சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம். "உதடு பார்த்தீங்களா, இருதயத்தில் நாலு அறையும் தெரிஞ்சுதா, எதையாவது சரியாப் பார்க்க முடியலையா, மறுபடி வரணுமா" என்று கேளுங்கள். அந்த ரிப்போர்ட்டையும் படங்களையும் அட்டையோடு சேர்த்து, வளைகாப்பு முடிந்து பெண்ணை அழைத்துப் போகிற அன்றைக்கு அவள் அம்மா கையிலேயே கொடுத்துவிடுங்கள்.