முந்தித் துளிர்க்கும், பிந்திப் பழுக்கும்: ராச்சாவின் ஃபிராங்கோவ்கா

ஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராட்டிஸ்லாவாவின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கிறது ராச்சா. 1946 வரை அது தனி ஊர். சிவப்பு ஒயின் என்றால் அங்கே ஃபிராங்கோவ்கா மோட்ராதான். ஆஸ்திரியாவில் பிளாவ்ஃபிராங்கிஷ் என்று அழைக்கப்படுவதும் இதே திராட்சைதான்.

இந்தக் கொடியோடு குப்பை கொட்டுவது எளிதல்ல. சீக்கிரமே துளிர்த்துவிடுவதால் ஏப்ரல் உறைபனியில் கருகும். பழுக்கவோ அக்டோபர் வரை இழுக்கும். அதற்குள் குளிர் முந்திக்கொண்டால் ஒயினில் பச்சைப் புளிப்புதான் மிஞ்சும். அதனால் இடம் தவறினால் எல்லாம் தவறும். ராச்சாவின் தோட்டங்கள் மாலே கார்பாட்டி மலையின் தென்கிழக்குச் சரிவில் இருக்கின்றன. காலையிலேயே வெயில் விழும், மேலே உள்ள காடு வடமேற்குக் காற்றைத் தடுக்கும். இரவில் கனத்த குளிர்காற்று சரிவில் வழிந்து சமவெளிக்குப் போய்விடும், உறைபனியும் பெரும்பாலும் அங்கேதான் படியும்.

மண் கருங்கல் சிதைந்த மணலும் சரளையும். தண்ணீர் தங்காது, சத்தும் குறைவு. அதுதான் நல்லது: இலை மண்டாது, குலை சிறுக்கும், சாற்றுக்குத் தோலின் பங்கு கூடும். கீழே ஆழமான வளமான மண்ணில் இதே கொடி காடாக வளர்ந்து, வெளிறிய, தண்ணீர் போன்ற ஒயினைத் தரும். சரளையின் குறை, வேர் ஆழம் போகும்வரை முதல் இரண்டு மூன்று கோடையும் இளங்கொடி தவிக்கும் என்பது. தோட்டத்தில் பொறுக்கிய கற்களைத் தலைமுறை தலைமுறையாக வரப்பில் குவித்துவந்தார்கள். அந்தக் கல்வரிசைகளுக்கு 'ரூனி' என்று பெயர்.

பூக்கும்போது குளிர்ந்த மழை பெய்தால் பூ உதிர்ந்து குலை பொக்கையாகும். அதற்கு மருந்தில்லை. நன்றாகக் காய்த்த ஆண்டில் ஒரு தளிருக்கு ஒரு குலை போதும். மீதியைக் காய் நிறம் மாறும்முன் வெட்டிவிட வேண்டும். மனம் வராதவர்களின் ஒயினைக் குடித்தாலே தெரியும்.

சர்க்கரையை அங்கே 'என்எம்' டிகிரியில் அளக்கிறார்கள்: 100 லிட்டர் சாற்றில் எத்தனை கிலோ என்ற கணக்கு. 'நெஸ்கோரி ஸ்பெர்', அதாவது தாமத அறுவடை என்று புட்டியில் எழுத 21 வேண்டும். முழுக்க நொதித்தால் ஏறக்குறைய 12.5 சதவீத ஆல்கஹால். எண்ணை மட்டும் நம்பக்கூடாது. விதையைக் கடித்துப் பாருங்கள்: பழுப்பாக, மொறுமொறுவென்று உடைய வேண்டும்.

காம்பு நீக்கி, தோலோடு 25–28 டிகிரியில் பத்து நாள் அளவில் நொதிக்கவிடுவார்கள். மேலே மிதக்கும் தோலை நாளுக்கு மூன்று முறை அமுக்காவிட்டால் அது காய்ந்து காடி வாடை பிடிக்கும். பிறகு மாலிக் அமிலம் லாக்டிக் ஆக மாறும் இரண்டாம் கட்டம். இந்தத் திராட்சையின் முரட்டுப் புளிப்பு அதில்தான் அடங்கும். நவம்பரில் நிலவறை குளிர்ந்தால் வேலை பாதியில் நிற்கும். கவனிக்காமல் புட்டியில் அடைத்தால் வசந்தத்தில் உள்ளேயே மீண்டும் தொடங்கி வாயு கிளம்பும். அறையை 18–20 டிகிரியில் வைத்தால் தப்பிக்கலாம்.

புதிய சிறு ஓக் பீப்பாய் ஃபிராங்கோவ்காவின் கருஞ்செர்ரி, மிளகு வாசனையை வெனிலா போட்டு மூடிவிடும். பழைய பெரிய பீப்பாயே போதும். ஒயின் தயாரானதும் வீட்டு வாசலில் தழைக்கொத்து, அதாவது 'வியெகா', தொங்கவிட்டு விற்பது பழைய வழக்கம். 16 டிகிரியில் ஊற்றி, பக்கத்து ஊரான ஸ்லோவென்ஸ்கி க்ரோபின் பெருவாத்து (கூஸ்) வறுவலோடும் லோக்ஷே என்ற உருளைக்கிழங்கு ரொட்டியோடும் குடித்தால், பெருவாத்துக் கொழுப்பை அந்தப் புளிப்பு வெட்டிவிடும்.