கிழவியும் குட்டியும்

நவம்பர் 23, 2024, சனி

பெரியவரின் நாய்கள் இரண்டும் இனி நம் கொல்லையில். இரண்டும் மோப்ப வேட்டை நாய், ஹவுண்ட். கிழவி புளூடிக் இனம், ஒன்பது வயது. குட்டி வாக்கர் இனம், கடுவன், பத்து மாதம். கூடவே நாய்ப்பெட்டி, ஜிபிஎஸ் காலர் இரண்டு, நாய் எங்கே என்று காட்டும் கார்மின் ரிசீவர். "நாய் வச்சு பாப்கேட் வேட்டை கத்துக்கணும்னு ரெண்டு வருஷமா கேட்டியே, இப்ப கத்துக்கோ" என்றார், ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே. இடுப்பெலும்பு முறிவு.

அம்மா போனில்: "பூனையப் பிடிக்கவாடா அமெரிக்கா போன?" பாப்கேட் என்றால் காட்டுப்பூனை, இருபது முப்பது பவுண்டு இருக்கும், நாய் துரத்தினால் மரம் ஏறிவிடும் என்று விளக்கினேன். "நம்ம வீட்டுப் பூனையுந்தான் ஏறுது."

நவம்பர் 24

விடிய விடிய ஊளை. இவள் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள்.

நவம்பர் 30, சனி

குட்டி இன்று மானைப் பார்த்தது. மர லாரி போகும் காட்டு ரோட்டில் நடத்திக்கொண்டு போகும்போது மூன்று வெள்ளைவால் மான் குறுக்கே தாண்டின. குட்டி கல்லாக நின்றது. வால் நட்டுக்கொண்டு, மூக்கு மட்டும் துடிக்கிறது. என் விரல் காலருக்கு ஷாக் கொடுக்கும் பட்டன்மேல். போகவில்லை. போகவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஒரு எட்டு எடுத்து வைத்தது. அந்த ஒரு எட்டுதான் மண்டையைக் குடைகிறது.

மானைத் துரத்தப் பழகிய ஹவுண்ட் அதற்குப் பிறகு எதற்கும் உதவாது என்பார் பெரியவர். ஆனால் கண்ணால் பார்த்தால் மட்டுமே பட்டனை அழுத்து என்றும் சொல்லியிருக்கிறார். காட்டுக்குள் எதையோ துரத்திக்கொண்டு போகும்போது குத்துமதிப்பாக அழுத்தினால், அது பூனைத் தடமாக இருந்தால், பூனை வாசனையே வலி என்று நாய் முடிவு கட்டிவிடும். ஆக, பார்க்காமல் அழுத்தக் கூடாது. பார்க்கிற தூரத்திலோ நாய் இருக்கப் போவதில்லை. இதற்கு என்னதான் வழி?

தாத்தா வைத்திருந்த சிப்பிப்பாறைக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது கண்ணால் ஓடும் நாய். முயல் ஓடும், நாய் ஓடும், கரிசல் காட்டில் எல்லாம் நம் கண்முன்னே. இது மூக்கால் ஓடுகிறது. அதன் மூக்குக்குள் போய் நான் எப்படி எட்டிப் பார்ப்பது?

டிசம்பர் 8, ஞாயிறு

நாய் வைத்து வேட்டையாடும் பெர்மிட் வாங்கியாகிவிட்டது. நாயைவிட எனக்குத்தான் பயிற்சி தேவை.

மேல் ரோட்டில் நாலு அங்குலப் பனி. ஒரு தடம், வட்டமாக, நக அடையாளம் இல்லாமல். கயோட்டி, அதாவது இந்த ஊர்க் குள்ளநரி என்றால் நீள்வாக்கில் இருக்கும், நகம் தெரியும். பூனை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கிறது. உள்ளங்கால் திண்டின் பின்ஓரத்தில் மூன்று மடிப்பு. பையில் இருந்த தீப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தீப்பெட்டி நீளம், அதாவது இரண்டு அங்குலம். சிவகாசிக்காரனுக்கு வேறு எந்த ஸ்கேல் வேண்டும்?

இதைவிடப் பெரிதாக, முடி மூடி மங்கலாகத் தெரிந்தால் அது லிங்க்ஸ், பாப்கேட்டின் பனிக்காட்டு உறவு. 2000லிருந்து பாதுகாக்கப்பட்ட இனம், பக்கத்திலேயே போகக் கூடாது.

டிசம்பர் 14

பாப்கேட் சீசன் திறந்தது. விடிகாலை நாலு மணியிலிருந்து ஐடஹோவில் செயின்ட் ஜோ ஆற்றின் மேலே நாற்பது மைல், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு, மாட்டுவண்டி வேகத்தில். ஒரு தடமும் இல்லை. காது போயே போச்சு.

டிசம்பர் 15, ஞாயிறு

புதுத் தடம். கிழவியை இறக்கினேன், பின்னாலேயே குட்டி. கிழவியின் குரல் நீளம், பள்ளத்தாக்கு முழுக்க இழுக்கும். குட்டிக்குக் கொட்டு அடிப்பதுபோல் வெட்டு வெட்டாக.

பூனை நேராக ஓடாது என்று கேட்டிருக்கிறேன், இன்றுதான் பனியில் எழுதியிருந்ததைப் படித்தேன். விழுந்து கிடக்கும் மரத்தின்மேல் நடந்திருக்கிறது. ஒரே புதரை மூன்று சுற்று சுற்றியிருக்கிறது. தன் தடத்திலேயே திரும்பி வந்து பக்கவாட்டில் எகிறியிருக்கிறது. வாசனையும் கரடி, கூகர் (மலைச்சிங்கம்) போலக் கனமாக விழாதாம். உறைந்த உலர்பனியில் இன்னும் மோசம்.

மூன்று மணி நேரம். கிழவி தொலைத்துவிட்டாள். குட்டி ஒரு தேவதாரு அடியில் நின்று குரை குரை என்று குரைத்தது. அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலி. மரத்தில் ஒன்றுமே இல்லை.

டிசம்பர் 21, சனி

ஸ்போகேன், வாஷிங்டன் மாநில ஆஸ்பத்திரி. பெரியவர் இளைத்துவிட்டார். போன ஞாயிறு குரைப்பைப் போனில் பதிந்திருந்தேன், காதருகே வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, விரலால் போர்வையில் தட்டிக்கொண்டே: "இங்க விட்டுட்டா... தேடுறா... எடுத்துட்டா. இது குட்டி, பொய் சொல்றான்." பதினோரு நிமிஷமும் கேட்டார். நர்ஸ் மாத்திரைக் கிண்ணத்தோடு வாசலில் நின்றபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வாஷிங்டன் மாநிலத்தில் 1996லேயே ஓட்டுப் போட்டு பாப்கேட், கூகர், கரடிக்கு ஹவுண்ட் விடுவதை நிறுத்திவிட்டார்கள். "அந்த ஊர்லயே வந்து படுக்க வேண்டியதாப் போச்சு பாரு" என்று சிரித்தார். பிறகு ஓநாய். 1995இல் மத்திய ஐடஹோவில் கனடாவிலிருந்து 15 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு முன்னால் நாய் மரத்தடியில் இரவு முழுக்கக் குரைத்தாலும் கவலையில்லையாம். இப்போது அந்தக் குரைப்பே ஓநாயைக் கூப்பிடுகிறது. "குட்டியத் தனியா விடாத." மூன்று தடவை சொன்னார்.

டிசம்பர் 22

கனவில் மான்.

டிசம்பர் 29, ஞாயிறு

ஏறியது!!

ரிசீவரில் கிழவியின் படம் மரத்தடிக்கு மாறியது. முக்கால் மைல், முழங்கால் பனி, இரண்டு தடவை விழுந்தேன். செடார் மரம், முப்பது அடி உயரத்தில் கிளைக் கவையில் உட்கார்ந்திருக்கிறது. வாலின் மேல்பக்கம் கருப்பு, அடியில் வெள்ளை. விலா ஏறி இறங்குகிறது. எங்கள் யாரையும் பார்க்காமல் எதிர்மலையைப் பார்க்கிறது, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி. குட்டி பின்னங்காலில் நின்று மரப்பட்டையைப் பிறாண்டுகிறது. இந்தத் தடவை பொய்யில்லை.

சுடவில்லை. துப்பாக்கியே எடுத்துப் போகவில்லை. போட்டோ எடுத்து, நாய்களைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு இறங்கினேன். குட்டி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தது.

கிழவியின் பாதத்தில் வெட்டு. ரத்தம் உறைந்திருக்கிறது.

ஜனவரி 4, 2025, சனி

தனியாக விட்டேன்.

கிழவியின் கால் ஆறவில்லை, வீட்டில் கட்டிவிட்டு வந்தேன். தடம் அவ்வளவு புதிது. பத்து நிமிஷம் என்று நினைத்தேன். குட்டி மலைமுகட்டைத் தாண்டியது. 3:12க்கு ரிசீவரில் 2.3 மைல். அதற்குப் பிறகு அம்பு அசையவில்லை. காலர் வாங்கிய அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் ஒன்பது மைல் சிக்னலெல்லாம் சமவெளிக்குத்தான்.

காலடியைப் பிடித்துக்கொண்டு போனேன். ஓடை வரை பூனைத் தடமும் குட்டித் தடமும் ஒன்றன்மேல் ஒன்று, சந்தேகமே இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் மான் கூட்டம் மிதித்துக் குழப்பி வைத்திருக்கிறது. எந்தத் தடத்தை எடுத்தது? டார்ச் வெளிச்சத்தில் மண்டியிட்டுத் தேடினேன். அந்த ஒரு எட்டு.

ஜனவரி 5

இறக்கிவிட்ட இடத்தில் என் கோட்டைப் போட்டுவிட்டு வந்தேன். தொலைந்த நாய் அங்கேதான் திரும்பி வரும் என்பார்கள்.

ஜனவரி 6

பெரியவர் போன். குட்டி எப்படி இருக்கிறது என்றார். தூங்குகிறது என்றேன்.

ஜனவரி 7, செவ்வாய்

வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன். இரவு மூன்று அங்குலம் பனி. கோட்டின்மேல் மட்டும் இல்லை. நடுவில் குழிந்திருக்கிறது, ஏதோ ஒன்று சுருண்டு படுத்திருந்த அளவுக்கு. கைப்பக்கம் நாலைந்து வெள்ளை முடி. குட்டிக்கும் வயிறு வெள்ளைதான், கயோட்டிக்கும் வெள்ளைதான். சுற்றிலும் காலடி இருந்திருக்க வேண்டும், காற்று வாரி மூடிவிட்டது. காலர் பேட்டரி நேற்றோடு தீர்ந்திருக்கும்.

கிழவியைக் கூட்டி வந்திருக்கிறேன். கோட்டை மோந்து பார்க்க வைத்தேன். ரொம்ப நேரம் மோந்தாள்.

மணி 4:10. இருட்டுகிறது. பெட்டிக்குள் எழுந்து நிற்கிறாள், குரைக்கவில்லை, மலைமுகட்டுப் பக்கம் மூக்கு. இறக்கிவிடப் போகிறேன்.