மணிபவனிலிருந்து வடாலா உப்பளம் வரை

பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு வரலாற்றுப் பாடத்தில் கொடுத்திருந்த செயல்திட்டத்தின் தலைப்பு, ‘அந்நிய ஆட்சிக்கு எதிரான அறவழிப் போராட்டங்கள்’. நான்கு பக்கங்கள் எழுதி, தண்டி யாத்திரையின் படம் ஒன்றையும் ஒட்டி அவள் கொண்டுபோய்க் கொடுத்ததை, ஆசிரியை ஓரத்தில் இரண்டே கேள்விகளை எழுதித் திருப்பித் தந்திருந்தார். நம் ஊரில் என்ன நடந்தது என்பது முதல் கேள்வி. அடியை வாங்கிக்கொண்டு பொறுமையாக இருப்பவர்களைக் கண்டு ஓர் அரசாங்கம் ஏன் அஞ்ச வேண்டும் என்பது இரண்டாவது. தாராவியின் தொண்ணூறடிச் சாலையில் பிறந்து வளர்ந்து, இப்போது வடாலாவில் குடியிருக்கும் எனக்கு இரண்டுக்குமே சட்டென்று விடை சொல்லத் தெரியவில்லை. ஆகவே அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமைகளை ஒதுக்கி அவளோடு புறப்பட்டேன்.

முதல் சனிக்கிழமை காலையில் தாதர் வரை பேருந்திலும், அங்கிருந்து மேற்கு ரயில் பாதையில் கிராண்ட் ரோடு வரையிலும் போய், நானா சௌக்கைத் தாண்டிக் காம்தேவிக்கு நடந்தோம். லேபர்னம் சாலை மும்பையின் இரைச்சலிலிருந்து சற்று ஒதுங்கிக் கிடக்கும் தெரு. மரநிழல் விழும் அந்தத் தெருவில், மரவேலைப்பாடு கொண்ட மாடங்களோடு நிற்கும் மணிபவனைத் தெரியாதவர்கள் பழைய குடும்ப வீடு ஒன்று என்றே நினைத்துக் கடந்துவிடுவார்கள். காந்தியடிகளின் நண்பர் ரேவாசங்கர் ஜக்ஜீவன் ஜவேரிக்கு உரியதாக இருந்த இந்த வீட்டில்தான், 1917 முதல் 1934 வரை, பம்பாய்க்கு வரும்போதெல்லாம் காந்தி தங்கினார்.

உள்ளே நுழைவதற்கு முன், எதிர்ப்புற நடைபாதையில் நின்று மகள் பையிலிருந்து ஒரு நகலை எடுத்தாள். காந்தியின் எழுத்துத் தொகுப்பிலிருந்து முந்தைய இரவு அச்செடுத்து வைத்திருந்த அந்தப் பக்கம், ‘சத்தியாக்கிரகி’ என்ற ஏட்டின் முதல் இதழ். 1919 ஏப்ரல் 7, திங்கட்கிழமை, விலை ஒரு பைசா. அச்சகச் சட்டப்படி பதிவு செய்யாமல், அந்தச் சட்டத்தை மீறுவதற்காகவே வெளியிடப்பட்ட ஏடு அது. அதன் தலைப்பில் ஆசிரியர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி என்ற பெயரும், லேபர்னம் சாலை, காம்தேவி, பம்பாய் என்ற முகவரியும், திங்கள்தோறும் காலை பத்து மணிக்கு வெளிவரும் என்ற அறிவிப்பும் இருக்கின்றன. படித்துவிட்டு நகலெடுத்து நண்பர்களுக்குக் கொடுங்கள் என்ற வேண்டுகோள் வேறு. மகள் முகவரியை வாசித்தாள், தெருப்பெயர்ப் பலகையை நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி வாசித்தாள். “போலீசுக்கு அவரே அட்ரஸ் குடுத்திருக்காரேப்பா!” என்றாள்.

அவளுடைய ஆசிரியையின் இரண்டாவது கேள்வி அந்த நடைபாதையில்தான் எனக்கும் புரியத் தொடங்கியது. அந்த ஏட்டின் பின்னணியை அவளுக்கு விளக்க வேண்டியிருந்தது. விசாரணையின்றி ஒருவரைச் சிறையில் வைக்க வழிசெய்த ரௌலட் சட்டம் 1919 மார்ச்சில் நிறைவேறியபோது, காந்தி சென்னையில் ராஜாஜியின் விருந்தினராக இருந்தார். நாடு முழுவதும் ஒரே நாளில் கடைகளை அடைத்து, வேலையை நிறுத்தி, உண்ணாநோன்பிருந்து வேண்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம், உறக்கமும் விழிப்பும் கலந்த ஒரு விடியற்பொழுதில் அங்கேதான் அவருக்குத் தோன்றியதாகத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். சென்னையில் முளைத்த அந்த எண்ணம் ஏப்ரல் 6 அன்று பம்பாயில் முழுக் கடையடைப்பாக நடந்தது. விடியற்காலையிலேயே மக்கள் சௌபாட்டிக் கடலில் நீராடிவிட்டு ஊர்வலமாகப் புறப்பட்டார்கள். மாலையில் தடைசெய்யப்பட்ட நூல்கள் தெருவில் விற்கப்பட்டன. நான்கணா விலையுள்ள, காந்தி எழுதிய ‘இந்திய சுயராஜ்யம்’ நூலை வாங்கியவர்கள் பலர் சில்லறையைத் திரும்பக் கேட்கவே இல்லை. மறுநாள் காலை வெளிவந்ததுதான் எங்கள் கையிலிருந்த அந்த ஏடு.

ஒளிந்து மீறுகிறவனைப் பிடித்துவிட்டால் அரசாங்கத்துக்கு வெற்றி. பெயரையும் முகவரியையும் எழுதிவைத்துவிட்டு, சட்டத்தை மீறியது நான்தான், தண்டனை கொடு என்று நிற்பவனைப் பிடிப்பதால் என்ன லாபம்? விட்டுவிட்டால் சட்டம் செத்துப்போகிறது, பிடித்தால் அதன் அநியாயம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுகிறது. மகளின் நான்கு பக்கங்களில் ‘பொறுமை’ என்ற சொல் ஆறு இடங்களில் வந்திருந்தது. அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று அவள் கேட்டபோது, ‘மீறல்’ என்று எழுதிப் பார்க்கச் சொன்னேன். வீடு திரும்பும்வரை அவள் அந்தச் சொல்லையே உருட்டிக்கொண்டிருந்தாள்.

மணிபவனின் தரைத்தளத்தில் நூலகமும், மாடியில் காந்தியின் வாழ்க்கையைச் சிறு பொம்மைகளால் காட்டும் காட்சிகளும் இருக்கின்றன. பொம்மைகளை விட்டு எங்கள் பக்கத்திலிருந்த ஒரு சிறுவன் நகரவே இல்லை. இரண்டாம் மாடியில் காந்தி தங்கிய அறை கண்ணாடிக்கு அப்பால் அப்படியே காக்கப்படுகிறது: தரையில் ஒரு மெத்தை, சாய்மானத் திண்டு, தாழ்வான எழுதுமேசை, இராட்டைகள். 1932 ஜனவரி 4 அன்று விடியுமுன், இந்த வீட்டின் மொட்டைமாடியில் போட்டிருந்த கூடாரத்தில் உறங்கிக்கொண்டிருந்தவரைக் காவல்துறை கைது செய்தது. அன்று திங்கட்கிழமை, அவர் மௌனம் காக்கும் நாள். வட்டமேசை மாநாட்டிலிருந்து திரும்பி ஒரு வாரந்தான் ஆகியிருந்தது.

படியிறங்கும்போது தில்லையாடி வள்ளியம்மையைப் பற்றி அவளிடம் சொன்னேன். தென்னாப்பிரிக்கச் சிறையில் நோயுற்று, விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரியில் 16 வயதில் இறந்த தமிழ்ப் பெண். சிறைக்குப் போனதற்காக வருந்துகிறாயா என்று காந்தி கேட்டபோது, இப்போதே கைது செய்தாலும் மறுபடி போவேன் என்றாள். பம்பாய்க்கு வந்துசேர்ந்த சத்தியாக்கிரகத்துக்கு முதலில் விலை கொடுத்தவர்களில் நம் எளிய மக்களும் உண்டு என்பதை நம் பிள்ளைகள் பாடநூலில் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, நாமே சொல்லிவிட வேண்டும்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில்தான் ஆகஸ்ட் கிராந்தி மைதானம். 1942 ஆகஸ்ட் 8 அன்று ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறிய அந்தக் கோவாலியா டேங்க் மைதானத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் தலைவர்கள் அனைவரும் கைதான பிறகு அருணா ஆசப் அலி இங்கே கொடியேற்றினார் என்று குறித்துக்கொண்ட மகளுக்கு, உஷா மேத்தாவிடம் வந்ததும் எழுத்து ஓடவில்லை. 22 வயது மாணவியாக இருந்த உஷா மேத்தாவும் தோழர்களும் அந்த ஆகஸ்ட் இறுதியிலிருந்து நவம்பர் 12 வரை, இடத்தை மாற்றி மாற்றி, காங்கிரஸ் வானொலி என்ற ரகசிய ஒலிபரப்பை நடத்தினார்கள். முகவரி கொடுத்து மீறுவதுதான் சத்தியாக்கிரகம் என்றால் முகவரியை மறைத்து நடத்திய இது எதில் சேரும் என்று அவள் கேட்டாள். 1944இல் விடுதலையான காந்தியே, தலைமறைவாக இருந்தவர்களை வெளியே வந்துவிடும்படி அறிவுரை சொன்னார். ரகசியம் அவருக்கு உடன்பாடில்லை. ஆனாலும் யாரையும் காயப்படுத்தாமல், பத்திரிகைகளின் வாய் கட்டப்பட்ட நேரத்தில் செய்தியைக் கொண்டுசேர்த்த அந்தப் பெண்ணை ஒதுக்கிவிட்டு இந்த வரலாற்றை எழுதுவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. பிற்காலத்தில் மணிபவனின் தலைவராகவே இருந்தவர் அவர். இரண்டு பக்கத்தையும் எழுது என்றேன்.

சௌபாட்டிக்குப் போய் மகள் ஒரு பாட்டில் நிறையக் கடல்நீர் எடுத்துக்கொண்டாள். எதற்கென்று நான் கேட்கவில்லை. பிறகு டாக்சி பிடித்துக் கால்பாதேவிக்குப் போனோம். துணிக்கடைகளும் கைவண்டிகளும் நெருக்கியடிக்கும் அந்த வட்டாரத்தில்தான், 1930 டிசம்பர் 12 அன்று, அந்நியத் துணி ஏற்றிவந்த லாரியின் முன்னால் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்த பாபு கேணு என்ற 22 வயது ஆலைத்தொழிலாளி, அதே லாரி ஏறி உயிரிழந்தார். அவர் பெயரால் இன்று அங்கே தெரு இருக்கிறது. இரண்டு கைவண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடவேண்டிய அளவு குறுகலான சந்துகள் அவை. அந்த நெருக்கத்தில் நின்றபோதுதான், ஒரு லாரியை மறித்துப் படுப்பதென்றால் ஓட்டுநரின் முகம் தெரியும் தூரத்தில் படுப்பது என்று உறைத்தது. மகள் அங்கே குறிப்பு எதுவும் எழுதவில்லை.

மரீன் லைன்ஸில் ரயிலேறித் திரும்புகையில், முன்பு எல்பின்ஸ்டன் ரோடு என்றழைக்கப்பட்ட பிரபாதேவி நிலையம் வந்தது. அந்தப் பரேல் பகுதியிலிருந்த எல்பின்ஸ்டன் ஆலை வளாகத்தில்தான் 1921 ஜூலை 31 அன்று, ஆலை அதிபர் உமர் சோபானியின் ஆதரவோடு, அந்நியத் துணிகள் மலையாகக் குவித்து எரிக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பர் 17 அன்று வேல்ஸ் இளவரசர் வந்திறங்கியபோது, வரவேற்பைப் புறக்கணித்த கூட்டம் வரவேற்கப் போனவர்களைத் தாக்கியதில் கலவரம் மூண்டு, சில நாட்களில் 50க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். காந்தி ஊரிலேயே இருந்தார். அமைதி திரும்பும்வரை உண்ணாநோன்பிருந்தார். இதையும் எழுதவேண்டுமா என்று மகள் தயங்கினாள். கட்டாயம் எழுதவேண்டும் என்றே நான் சொன்னேன். அகிம்சை இயல்பாகவே கூட்டத்துக்கு வந்துவிடும் என்று எழுதினால், ஒன்பது ஆண்டு கழித்து இதே ஊர் நடந்துகொண்ட விதத்தின் அருமை யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

அந்த ஒன்பதாவது ஆண்டைத் தேடித்தான் இரண்டாவது சனிக்கிழமை, இந்தமுறை என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு, எங்கள் வடாலாவையே சுற்றினோம். 1930 மார்ச் 12 அன்று சபர்மதியிலிருந்து புறப்பட்ட யாத்திரை ஏப்ரல் 6 அன்று தண்டியில் உப்பள்ளியதும், ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்ததும் மகளுக்கு முன்பே தெரியும். பம்பாயில் காங்கிரஸ் மாளிகையின் மாடியில் உப்புக் காய்ச்சியதும், கமலாதேவி சட்டோபாத்யாய் பங்குச்சந்தைக்குள் போய் உப்புப் பொட்டலம் விற்றதும் இந்தத் தேடலில் தெரிந்துகொண்டவை. ஆனால் நாங்கள் அன்றாடம் ரயிலேறும் இந்த வடாலாவின் உப்பளங்களுக்குள் அந்த மே, ஜூன் மாதங்களில் தொண்டர்கள் திரும்பத் திரும்ப நுழைந்தார்கள் என்பது எனக்கே புதிய செய்தி. ஜூன் 1 அன்று ஏறக்குறைய 15,000 பேர் திரண்டார்கள். துறைமுகக் கழகத்தின் ரயில்வே கேட்டில் காவலர் வளையம் தடுத்து நிறுத்தியது. பெண்களும் குழந்தைகளும் அடங்கிய அந்தக் கூட்டம் வளையத்தைத் தாண்டி, சேற்றில் புதைந்து புதைந்து ஓடிப் பாத்திகளில் இறங்கியது.

துறைமுகத் தண்டவாளத்தின் ஓரத்தில் நின்று நான் இதைச் சொன்னதும், தூத்துக்குடி உப்பளத்தில் சிறுவயதில் தன் தாயோடு வேலை பார்த்த என் அம்மா முதலில் கேட்டது, “செருப்பு போட்டிருந்தாங்களாலே?” என்பதுதான். உப்புச் சேற்றில் கால் புதைந்தால் செருப்பு நிற்காது, வெறுங்காலோடு ஓடினால் உப்புப் பரல் பாதத்தைக் கிழிக்கும், கிழிந்த இடத்தில் உப்புநீர் படும் எரிச்சலுக்கு ஈடே கிடையாது என்று பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு விளக்கினார். நான் படித்த எந்தப் பக்கத்திலும் அந்த 15,000 பேரின் பாதங்கள் இல்லை. ஆச்சி சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள் மகள்.

அன்று மாலைதான் பாட்டிலின் காரணம் தெரிந்தது. கடல்நீரை மூன்றுமுறை துணியில் வடிகட்டி, பழைய பாத்திரம் ஒன்றில் ஊற்றி அடுப்பில் வைத்தாள். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. ஒன்றேகால் மணி நேரத்துக்குப் பிறகு பாத்திரத்தின் அடியில் பழுப்பு வெள்ளையாய் ஒரு கைக்குள் அடங்கும் உப்பு தங்கியது. சௌபாட்டித் தண்ணீர் என்பதால் யாரையும் நாவில் வைக்க நான் விடவில்லை. அம்மா இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, “இது கைக்கும்ட்டீ. கடைசித் தண்ணிய வடிச்சிருக்கணும், நீ சுண்ட வச்சுட்டே” என்றார்.

1930இல் இவ்வளவு உப்புக்கும் அரசாங்கம் வழக்குப் போட்டிருக்கும் என்று நான் சொன்னேன். மகள் ஒரு காகிதத்தில் அதை மடித்து, மேலே தன் பெயரையும், எங்கள் வீட்டு முகவரியையும், காய்ச்சிய தேதியையும் எழுதிக் கடைசிப் பக்கத்தில் ஒட்டுவதற்காக மேசைமேல் வைத்தாள். காலையில் பார்த்தால், கசப்பு உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் காகிதம் முழுக்க நனைந்து, முகவரியின் மை கலங்கிப்போயிருந்தது. அம்மா அதைத் தட்டில் கொட்டி ஜன்னல் வெயிலில் வைத்தார். மகள் வேறொரு காகிதத்தை எடுத்து முகவரியை மறுபடி எழுத உட்கார்ந்தாள்.