ஃபீல்டு ஒர்க் பிள்ளைகளுக்கு மாதச் சம்பளம்

மதுரையில் வீட்டு வேலை செய்யும் பெண்களோடு வேலை பார்க்கிற சின்னத் தொண்டு நிறுவனம் எங்களுடையது. எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணியில் முதுகலை, படிக்கும் மாணவர்கள் எங்களுக்குப் புதிதல்ல. வாரத்தில் இரண்டு நாள் ஃபீல்டு ஒர்க் என்ற களப்பயிற்சி, படிப்பு முடியும் நேரத்தில் ஒரு மாதம் முழுநேரமாக வரும் பிளாக் பிளேஸ்மென்ட் என்று கல்லூரிகள் அனுப்பிக்கொண்டேதான் இருக்கின்றன. அவர்களில் சிலரை மாதச் சம்பளத்துக்கு இன்டர்னாக எடுக்கத் தொடங்கியது கொஞ்ச காலமாகத்தான்.

அதற்குக் காரணம் கடிகாரம். செல்லூரிலிருந்தும் கரும்பாலையிலிருந்தும் அண்ணா நகர், கே.கே. நகர் வீடுகளுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் காலை ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார்கள். திரும்பி வந்து, சாப்பிட்டு, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு உட்காரும்போது மணி மூன்று. அவர்களோடு நிதானமாகப் பேச வேண்டுமென்றால் சாயங்காலம் போக வேண்டும், இல்லை ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும். கல்லூரியின் ஃபீல்டு ஒர்க்கோ காலை பத்து மணிக்குத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் தெருவில் இருப்பது பூட்டிய வீடுகளும் வயதானவர்களும்தான். மதிப்பெண்ணுக்காக வரும் மாணவரிடம் ஞாயிற்றுக்கிழமை வா என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. காசு கொடுத்தால் கேட்கலாம்.

வேலையும் நிறைய இருக்கிறது. வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007 முதல் தனி நலவாரியம் உண்டு. அதில் பதிந்திருந்தால் பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை, திருமண உதவி, அறுபது வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாம் கேட்கலாம். ஆனால் பதிவு இப்போது ஆன்லைனில். ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் இன்னொரு இனிஷியல் இருக்கும். ஓ.டி.பி. போகும் செல்போன் மகனிடம் இருக்கும், மகன் திருப்பூரில் இருப்பான். ஒரு விண்ணப்பம் முடிய நாலைந்து தடவை அதே வீட்டுக்குப் போக வேண்டும், அதுவும் அதே ஆள் போக வேண்டும். ஆள் மாறினால் அந்த அக்கா மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு தடவைக்கு மேல் அவர் சொல்ல மாட்டார்.

சம்பளம் என்று அறிவித்ததும் விண்ணப்பித்தவர்களே வேறு ஆட்களாக இருந்தார்கள். அதுவரை எங்களிடம் கூடுதலாக வந்து வேலை செய்தவர்கள் பெரும்பாலும் வீட்டில் வசதி உள்ள பிள்ளைகள். பெண்களுக்கு 2021 முதல் டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை, அப்புறம் என்ன செலவு என்று சிலர் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜவுளிக்கடையில் நின்றால் கிடைக்கிற கூலியை விட்டுவிட்டுத்தானே ஒரு பிள்ளை எங்களிடம் வர வேண்டும்? பெரிய செலவு அதுதான். கேட்டரிங்கில் பரிமாறப் போகிறவர்கள், டியூஷன் எடுக்கிறவர்கள், குடும்பத்தில் முதல் பட்டதாரிகள், இவர்களெல்லாம் அப்போதுதான் எங்கள் வாசலுக்கு வந்தார்கள்.

அவர்களில் ஒருத்தியின் அம்மாவே வீட்டு வேலைக்குப் போகிறவர். முதல் கூட்டத்தில் அவள் நலவாரியத் திட்டங்களைப் பற்றி எதுவும் சொல்லாமல், "பதிஞ்சா நீங்க வேலை செய்யுற வீட்டுக்கு லெட்டர் எதுவும் போகாதுக்கா" என்று ஆரம்பித்தாள். உட்கார்ந்திருந்தவர்கள் முகத்தில் அப்போதே ஒரு தெளிவு வந்தது. அந்தப் பயத்தை எந்தப் பாடத்திட்டமும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சம்பளம் இல்லை என்ற ஒரே காரணத்தால் வெளியே நிறுத்தி வைத்திருப்பது சமூகப் பணி என்ற துறைக்கே பெரிய இழப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பணத்துக்கு வழி பண்ணுவது லேசாக இல்லை. வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான வரம்பை 2020இல் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். அதனால் கொடையாளர்களிடம் ஆள் செலவு என்றாலே பேச்சு நின்றுவிடுகிறது. இன்டர்ன் சம்பளத்தைத் திட்டச் செலவாகக் காட்டி, தெருவில் அவர்கள் செய்யும் வேலையை வரி வரியாக எழுதிக் கொடுத்த பிறகுதான் ஒருவர் சம்மதித்தார். அவரும் முதலில் கேட்டது, "காலேஜ் பசங்க சும்மாவே வருவாங்களே?" என்றுதான். அரசுத் திட்டங்களும் எங்களுக்குப் பொருந்தவில்லை. 2024 அக்டோபரில் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் வந்தபோது மாதம் 5,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். ஆனால் அது பெரிய கம்பெனிகளுக்கானது. முழுநேரமாகப் படிப்பவர்களும் முதுகலை முடித்தவர்களும் அதில் சேர முடியாது என்றும் அப்போது விதி வைத்திருந்தார்கள். எங்களிடம் வருகிற பிள்ளைகள் இரண்டாலும் அடிபட்டுப் போனார்கள்.

உள்ளேயும் ஒரு சங்கடம் வந்தது. பல வருடங்களாக எங்களோடு இருக்கும் களப்பணியாளர் அக்கா ஒருவர், "நேத்து வந்த பிள்ளைக்கு இவ்வளவுன்னா, எனக்கு இவ்வளவுதானா?" என்று நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் பிள்ளைகளைத் தெருவுக்குக் கூட்டிப்போய் அறிமுகம் செய்வதே அவர்தான். அவர் முகத்துக்காகத்தான் கதவு திறக்கிறது. அதனால் அடுத்த பட்ஜெட்டில் இன்டர்னுக்கு ஒரு வரி எழுதியபோது, அவர்களை வழிநடத்துகிறவர் என்று அந்த அக்காவுக்கும் தனித் தொகை எழுதினோம். கொடையாளர் முதலில் அடிக்கப் பார்த்த வரி அதுதான். அதை எடுத்தால் மற்றதும் வேண்டாம் என்று சொல்லி நிறுத்தி வைத்தோம்.

இன்னும் தீராதது காலண்டர். நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது, ஏப்ரலில் கல்லூரித் தேர்வு. பிள்ளைகளுக்கு முழு நேரம் கிடைப்பது மே மாதத்தில்தான். தெருவிலும் ஸ்கூல் ஃபீஸ், சான்றிதழ், உதவித்தொகை என்று தேவை குவிவது மே, ஜூனில்தான். அந்த இரண்டு மாதமும் எங்கள் கணக்கில் புதுப் பணம் வந்திருக்காது. அதனால் இந்த முறை ஜூன் வரைக்குமான சம்பளத்தை முன்பே ஒதுக்கித் தரும்படி விண்ணப்பத்தில் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.